வீட்டு நாஸ் கனெக்ட் ஆகலையா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நான் மார்த்தாண்டம் பக்கம் நெட்வொர்க், கேமரா வேலை பாக்குறேன். இப்போ நம்ம மாவட்டத்துல நெறய வீட்ல நாஸ் பெட்டி (வீட்ல எல்லாரும் போட்டோ, ஃபைல் போட்டு வைக்கிற, நெட்வொர்க்ல சேர்ற பெட்டி) வந்தாச்சு. கல்ஃப்ல இருக்குறவங்க லீவுக்கு வரும்போது ஒண்ணு வாங்கி வச்சிட்டு போவாங்க, கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்குறவங்ககிட்ட கண்டிப்பா ஒண்ணு கெடக்கும், பழைய கம்ப்யூட்டர்லயே செஞ்சு வச்சவங்களும் உண்டு. போன்ல கேக்குற சந்தேகம் எல்லாம் திரும்பத் திரும்ப ஒண்ணுதான், அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சிருக்கேன். அவசரமா வந்தவங்க ரெண்டாவது கேள்விய மட்டுமாவது படிச்சிட்டு பெட்டிய தொடுங்க.

அண்ணே, நாஸ்னா பெரிய ஹார்ட் டிஸ்க் தானே, பொறவு ஏன் அடிக்கடி காணாம போகுது?

உள்ள இருக்குறது ஹார்ட் டிஸ்க் தான், ஆனா பென்டிரைவ் மாதிரி நேரா கம்ப்யூட்டர்ல சொருகுறது கெடையாது. அது தனி ஒரு கம்ப்யூட்டர், லினக்ஸ் மாதிரி ஒண்ணு உள்ள ஓடுது, ரவுட்டர் வழியாத்தான் நம்மகிட்ட பேசும். அதனால நாஸ், கேபிள், ரவுட்டர், வைஃபை, உங்க லேப்டாப், லேப்டாப்போட பாஸ்வேர்ட் செட்டிங், இதுல எது ஒண்ணு கோளாறானாலும் நமக்கு தெரியுறது ஒரே விஷயம்தான், "நாஸ் காணல". எது கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதுல தான் முக்கால்வாசி வேலை இருக்கு.

நேத்து வரைக்கும் வந்துச்சு, இன்னைக்கு திறக்கவே மாட்டேங்குது. பிள்ளைங்க போட்டோ எல்லாம் போச்சா?

போகல. தயவுசெஞ்சு பதறாதீங்க. எனக்கு வர்ற போன்ல பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, வழி தான் அடைஞ்சிருக்கும். வீட்டுக்கு போற ரோட்டுல மரம் விழுந்து கெடந்தா வீடு இடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்லல்லா.

உண்மையிலேயே போட்டோ போறது எப்போன்னா, இணைப்பு வரலன்னு பதறி "இனிஷியலைஸ்", "ஃபார்மேட்", "புதுசா செட்டப் பண்ணு" இந்த மாதிரி பட்டன அழுத்தும்போது தான். அந்த மூணுல எது ஸ்கிரீன்ல வந்தாலும் கை வைக்காதீங்க, போட்டோ எடுத்து தெரிஞ்ச ஆளுக்கு அனுப்புங்க, நாஸ அப்டியே வச்சிடுங்க. ரீசெட் பட்டன் வேற விஷயம். சினாலஜி, கியூநாப் ரெண்டும் நாஸ் செய்யுற கம்பெனி. சினாலஜி பெட்டியில சுமார் 4 செகண்ட் அழுத்தி ஒரு பீப் கேட்டதும் விட்டா அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும் தான் மாறும், கியூநாப்ல 3 செகண்ட், ஃபைல் அப்டியே இருக்கும். ஆனாலும் பீப் கேட்ட பொறவும் விடாம பிடிச்சிட்டு நிக்கிறது, ரெண்டாவது தடவ அழுத்துறது எல்லாம் வேற வேலைக்கு போயிரும், அதனால உங்க மாடல் என்னன்னு பாக்காம அதையும் செய்யாதீங்க.

சரி, எங்கேருந்து செக் பண்ண ஆரம்பிக்கணும்?

கீழேருந்து மேல. முதல்ல பெட்டியில லைட் எரியுதா, பின்னாடி கேபிள் சொருகுற இடத்துல சின்ன லைட் மினுங்குதா. மினுங்கலன்னா கேபிளையோ போர்ட்டையோ மாத்துங்க, அதுக்கு மேல எதுவும் யோசிக்க வேண்டாம். மினுங்குதுன்னா பிரவுசர்ல திறக்குற ரவுட்டர் செட்டிங் பேஜ்ல போயி கனெக்ட் ஆன பொருள் லிஸ்ட்ல நாஸ் இருக்கா, என்ன ஐபி நம்பர்னு (நெட்வொர்க்ல அந்த பொருளோட அட்ரஸ்) பாருங்க.

நம்பர் கெடச்சா லேப்டாப்ல அந்த நம்பருக்கு பிங் அடிங்க (அந்த நம்பர்லேருந்து பதில் வருதான்னு பாக்குற கமாண்ட்), பொறவு பிரவுசர்ல அதே நம்பர போட்டு நாஸோட பேஜ் வருதான்னு பாருங்க. பேஜ் வந்துச்சுன்னா நாஸ் நல்லா இருக்கு, நெட்வொர்க்கும் நல்லா இருக்கு, ஃபோல்டர் பகிர்வுலயோ லாகின்லயோ தான் கோளாறு. பேஜும் வரல பிங்கும் வரலன்னா நெட்வொர்க்ல தான். இந்த ஒரு பிரிவ தெரிஞ்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

கரண்ட் போயிட்டு வந்தாலே நாஸ் காணாம போகுது மக்கா, ஒவ்வொரு தடவையும் இதே பாடு. ஏன்?

ரெண்டு காரணம். ஒண்ணு, கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் நாஸ்ல ஆஃப்ல இருக்கும், பெட்டி ஆஃப்லயே கெடக்கும், நாம கனெக்ஷன் கோளாறுன்னு நினைப்போம். பவர் செட்டிங்ல போயி மின்சாரம் திரும்பினா தானா தொடங்குறத ஆன் பண்ணிடுங்க.

ரெண்டாவது ஐபி நம்பர். வீட்ல எல்லா பொருளுக்கும் நம்பர் குடுக்குறது ரவுட்டர் தான், கரண்ட் போய் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க, நேத்து 192.168.1.5 ஆ இருந்த நாஸுக்கு இன்னைக்கு 192.168.1.9 கெடச்சிருக்கும், உங்க லேப்டாப்ல உள்ள ஷார்ட்கட் பழைய நம்பரத் தான் தேடிட்டு நிக்கும். இதுக்கு தீர்வு ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒரு இடம் இருக்கும், அதுல நாஸோட மேக் அட்ரஸ் (கம்பெனி போட்ட தனி அடையாள நம்பர், பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும்) போட்டு ஒரு நம்பர நிரந்தரமா ஒதுக்கிடுங்க. நாஸ்க்குள்ளயே நம்பர் எழுதி வைக்கிறத விட இது நல்லது, ஏன்னா ரவுட்டருக்கு தெரியாம வச்சா அது அதே நம்பர வேற ஒரு போனுக்கு குடுத்துடும், ரெண்டும் மோதி மாறி மாறி கட் ஆகும்.

நம்பர் 169.254-ல தொடங்குதுன்னா ரவுட்டர்கிட்டேருந்து நம்பரே கெடைக்கலன்னு அர்த்தம், நாஸ் தானா ஒண்ணு போட்டுகிட்டுது. ரவுட்டர் முழுசா ஆன் ஆன பொறவு நாஸ் கேபிள கழட்டி திரும்ப சொருகுங்க, பெரும்பாலும் சரியாகும்.

கீழ ஹால்ல நாஸ் இருக்கு. மாடியில வேற ரவுட்டர் வச்சிருக்கோம், அங்கேருந்து மட்டும் தெரியல

ஃபைபர் கனெக்ஷன்காரங்க குடுத்த பெட்டியும் ஒரு ரவுட்டர், நீங்க கடையில வாங்கினதும் ஒரு ரவுட்டர், ரெண்டும் தனித்தனி வீடு மாதிரி நம்பர் குடுத்துட்டு இருக்கும். மாடியில போன்ல ஐபி பாருங்க. கீழ 192.168.1, மேல 192.168.0 அப்டின்னு மூணாவது நம்பர் மாறியிருந்தா இதுதான் காரணம். மேலேருந்து கீழ உள்ள நாஸோட நம்பர நேரா போட்டா வரவும் செய்யும், ஆனா நெட்வொர்க் லிஸ்ட்ல தெரியாது, கீழேருந்து மேல போகவே போகாது. ரெண்டு பெட்டியும் ஒரே 192.168.1 குடுத்துட்டு இருந்தா அதும் நடக்காது.

மாடி ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோட்ல (நம்பர் குடுக்காம வைஃபை மட்டும் குடுக்குற மோட்) மாத்துங்க, அவ்வளவுதான். அந்த மோட் இல்லாத பழைய ரவுட்டர்னா அதுல டிஹெச்சிபி (ஐபி நம்பர் குடுக்குற வேலை) ஆஃப் பண்ணி, அதோட ஐபி கீழ உள்ள பெட்டியோட மோதாம மாத்தி, வான் (WAN, வெளி இணையம் வர்ற இடம்)னு எழுதின போர்ட்ல இல்லாம லான் (LAN, வீட்டுக்குள்ள உள்ள பொருளுக்கு) போர்ட்ல கேபிள சொருகுங்க. இன்னொண்ணு, விருந்தாளிக்குன்னு வச்ச கெஸ்ட் வைஃபையில நின்னுட்டு நாஸ தேடினா கெடைக்காது, அது அப்டி தடுக்குறதுக்காகத் தான் இருக்கு.

நம்பர் போட்டா வருது, பேர் போட்டா வரல. நெட்வொர்க்னு திறந்தா ஐகானும் இல்ல

நம்பர்ல வருதுன்னா பெரிய கோளாறு ஒண்ணும் இல்ல. விண்டோஸ்ல உங்க வைஃபை "பப்ளிக்"னு கெடக்கான்னு பாருங்க, பப்ளிக்னா பஸ் ஸ்டாண்ட் வைஃபை மாதிரி நினைச்சு அக்கம்பக்கம் யாரையும் தேடாது. "பிரைவேட்"னு மாத்தி நெட்வொர்க் டிஸ்கவரிய ஆன் பண்ணுங்க. நாஸ்லயும் டபிள்யூஎஸ் டிஸ்கவரின்னு ஒரு டிக் இருக்கும், அதையும் போடுங்க.

எனக்கு கேட்டா ஐகானுக்கு மெனக்கெட வேண்டாம்னு தான் சொல்லுவேன். மேல சொன்ன மாதிரி நம்பர நிரந்தரமாக்கிட்டு, ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு அந்த நம்பர அடிச்சு ஃபோல்டர டிரைவா மேப் பண்ணிக்கோங்க. ஆஃபீஸ் லேப்டாப்ல விபிஎன் (இணையம் வழியா தூரத்துல உள்ள நெட்வொர்க்கோட தனி பாதையில சேக்குற ஆப்) ஓடிட்டு இருந்தா நம்பர் போட்டாலும் வராம போகலாம், அத ஆஃப் பண்ணிட்டு பாருங்க.

பழைய லேப்டாப்ல வருது, புதுசா வாங்கின விண்டோஸ் 11 லேப்டாப்ல மட்டும் வரல. லேப்டாப் கோளாறா?

லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, பாதுகாப்பு கூடியிருக்கு. ஃபோல்டர் பகிர்வுக்கு எஸ்எம்பின்னு ஒரு முறை இருக்கு, அதுல முதல் பதிப்பு ரொம்ப பழசு, 2017 மே மாசம் வான்னாக்ரைனு ஒரு வைரஸ் உலகம் பூரா பரவினது அதுல இருந்த ஓட்டை வழியா தான். அதே வருஷம் அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்லேருந்து அந்த முதல் பதிப்ப விண்டோஸ்ல படிப்படியா எடுத்துட்டாங்க, இப்போ புதுசா போடுற விண்டோஸ்ல அது தானா ஆன்ல இருக்காது. உங்க நாஸ் பழசுன்னா அது முதல் பதிப்புல மட்டும் பேசிட்டு இருக்கும்.

அடுத்தது பாஸ்வேர்டே இல்லாம கெஸ்டா திறக்குற பழக்கம். 2024 கடைசில வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, ப்ரோ எடிஷன்ல, அத தடுத்துடுச்சு, அதோட ஒவ்வொரு பேச்சுலயும் கையெழுத்து மாதிரி ஒண்ணு கேக்கும், அதுக்கு பேர் சைனிங். கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்ட் இல்ல, அதனால கையெழுத்தும் போட முடியாது.

யூடியூப்ல பாத்துட்டு விண்டோஸ்ல முதல் பதிப்ப திரும்ப ஆன் பண்றது, கெஸ்ட்ட அனுமதிக்கிறது, இதெல்லாம் செய்வாங்க. செய்யாதீங்க. நாஸ்ல போயி சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணி, குறைஞ்சபட்சம் எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3-ன்னு வச்சு, வீட்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் போட்டு குடுங்க. பத்து நிமிஷ வேலை. அப்டேட்டே வராத அளவுக்கு பழைய நாஸ்னா, ஃபைல் எல்லாம் வேற இடத்துக்கு மாத்த வேண்டிய காலம் வந்தாச்சு.

பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன் சார், ஏத்துக்க மாட்டேங்குது

நெறய பேர் விண்டோஸ் திறக்குற பின் நம்பர அடிக்கிறாங்க. அது லேப்டாப்போட சாவி, நாஸுக்கு தெரியாது. நாஸ்ல உருவாக்கின யூசர் பேரும் பாஸ்வேர்டும் தான் வேணும், அதுவும் யூசர் பேருக்கு முன்னாடி நாஸ் பேர், ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு அடிச்சு பாருங்க, இல்லன்னா விண்டோஸ் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பேர அனுப்பிட்டு நிக்கும்.

பழைய பாஸ்வேர்ட விண்டோஸ் ஞாபகம் வச்சிருக்கவும் செய்யும். கிரெடென்ஷியல் மேனேஜர்னு தேடி திறந்து, நாஸ் சம்பந்தப்பட்டத அழிச்சிட்டு லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க. எரர் 1219 வந்தா ஒரே நாஸுக்கு ரெண்டு யூசர் பேர்ல போக பாக்குறீங்கன்னு அர்த்தம், அதுக்கும் இதே வைத்தியம் தான். பல தடவ தப்பா அடிச்சிருந்தா நாஸ் உங்க ஐபிய பிளாக் பண்ணியிருக்கும், வேற போன்லேருந்து நாஸ் பேஜ்ல போயி பிளாக் லிஸ்ட்ட பாருங்க.

பாஸ்வேர்ட ஏத்துக்கிட்டு, ஆப்ல வர்ற ஆறு இலக்க நம்பர மட்டும் தப்புன்னு சொல்லுதா? நாஸோட கடிகாரத்த பாருங்க. உள்ள இருக்குற சின்ன பேட்டரி தீர்ந்து போயி, கரண்ட் கட் ஆனதும் தேதி பின்னாடி போயிருக்கும். அந்த ஆறு நம்பர் நேரத்த வச்சு கணக்கு போடுறது, நேரம் தப்புன்னா நம்பரும் தப்பு.

கனெக்ட் எல்லாம் ஆகுது, ஆனா ஒரு கல்யாண வீடியோ காப்பி பண்ண ராத்திரி பூரா ஆகுது

காப்பி ஆகும்போது என்ன வேகம் காட்டுதுன்னு பாருங்க. நொடிக்கு 11 எம்பி கிட்ட போயி அதுக்கு மேல ஏறவே இல்லன்னா லைன் 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேந்தா தான் ஒரு பைட்) நிக்குது. கிகாபிட் லைன்ல 110 எம்பி கிட்ட வரணும், பத்து மடங்கு வித்தியாசம். கிகாபிட்டுக்கு கேபிள்க்குள்ள உள்ள எட்டு கம்பியும் வேணும், நூறுக்கு நாலு போதும், அதனால மத்த நாலுல ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தம் காட்டாம நூறுக்கு இறங்கிடும், கனெக்ஷன் இருக்கும், வேகம் இருக்காது. நாஸ் பேஜ்ல லைன் வேகம் 1000-னு போட்டிருக்கான்னு பாருங்க, 100-னு இருந்தா நல்ல கேட் 5இ இல்ல கேட் 6 கேபிள் ஒண்ணு மாத்துங்க. பல ஃபைபர் பெட்டியில ஒரு போர்ட் மட்டும் தான் கிகாபிட், மத்ததெல்லாம் நூறு, அதையும் கவனிங்க. லைன் 1000-னு இருந்தும் இழுக்குதுன்னா லேப்டாப் வைஃபையில இருக்கும், பெரிய ஃபைலுக்கு லேப்டாப்பையும் கேபிள்ல போடுங்க.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரின்னு கடல்கரையோரம் உள்ளவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். உப்புக்காத்து பட்டு கேபிள் நுனியில உள்ள செம்பு பச்சை பிடிச்சிடும். ஜன்னலோரம் வச்ச கேபிள கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, பச்சை தெரிஞ்சா நுனிய வெட்டி புது பிளக் அடிங்க, தேச்சு துடைச்சு போட்டா கொஞ்ச நாள்ல திரும்ப வரும். பெட்டிய ஜன்னல் பக்கம் வைக்கவே செய்யாதீங்க.

கொஞ்ச நேரம் விட்டுட்டு ஃபோல்டர திறந்தா தொங்கி நிக்குது, பொறவு தானா வருது

டிஸ்க் தூங்கியிருக்கும். எழும்பி சுத்த பத்து செகண்ட் பக்கம் எடுக்கும், நாலு டிஸ்க் இருந்தா கூடவும் ஆகும். தொந்தரவா இருந்தா ஹைபர்னேஷன் (டிஸ்க் தூங்கப் போற) நேரத்த கூட்டி வைங்க.

லேப்டாப்ல வருது, ஐபோன்லயும் மேக்லயும் தான் காணல

ஐபோன்ல ஐஓஎஸ் 14-லேருந்து ஒவ்வொரு ஆப்பும் வீட்டு நெட்வொர்க்க தொட அனுமதி கேக்கும், நாம அவசரத்துல வேண்டாம்னு அழுத்தியிருப்போம். செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள லோக்கல் நெட்வொர்க்னு இருக்கும், அதுல அந்த ஆப்ப ஆன் பண்ணுங்க. மேக்லயும் 2024-ல வந்த செக்வோயா பதிப்புலேருந்து இதே கதை தான். போன் மொபைல் டேட்டாவுல இல்லாம வைஃபையில இருக்கான்னும் பாத்துக்கோங்க, மூணு நாலு வீட்ல அதுதான் காரணமா இருந்துச்சு.

வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, அங்கேருந்து இங்க உள்ள போட்டோவ பாக்கணும். போர்ட் ஓபன் பண்ணியும் வரல

இங்க போர்ட்னா கேபிள் சொருகுற இடம் இல்ல, வெளியேருந்து நாஸுக்கு வர ரவுட்டர்ல திறந்து விடுற கதவு மாதிரி. ரவுட்டர் பேஜ்ல வான் ஐபின்னு (வெளி இணையத்துலேருந்து ரவுட்டருக்கு கெடச்ச நம்பர்) ஒண்ணு இருக்கும். அது 100.64-லேருந்து 100.127-க்குள்ள தொடங்குதா பாருங்க, அப்டின்னா உங்க வீட்டுக்குன்னு தனியா வெளி நம்பர் இல்ல, பல வீட்டுக்கு சேத்து ஒரு நம்பர். ஐபி காட்டுற வெப்சைட்ல வர்ற நம்பரும் ரவுட்டர்ல உள்ளதும் வேற வேறயா இருந்தாலும் பெரும்பாலும் அதே அர்த்தம் தான். அந்த நிலைமையில நீங்க ரவுட்டர்ல எத்தன போர்ட் திறந்தாலும் வெளியேருந்து யாரும் வர முடியாது.

டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப்ப நாஸ்லயும் அவர் போன்லயும் போட்டு ஒரே அக்கவுன்ட்ல லாகின் பண்ணா போதும், போர்ட் திறக்கவே வேண்டாம். அது குடுக்குற நம்பரும் 100-ல தான் தொடங்கும், மேல சொன்னதோட குழப்பிக்காதீங்க. சினாலஜியில குயிக்கனெக்ட்னு தூரத்துலேருந்து நாஸ திறக்குற வசதி இருக்கு, கொஞ்சம் மெதுவு, ஆனா வயசானவங்களுக்கு அது எளுப்பம். டெயில்ஸ்கேல் விபிஎன் வகை தான், அதனால அவர் இருக்குற நாட்டு சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு போடச் சொல்லுங்க. வீடியோ நின்னு நின்னு ஓடினா பெரும்பாலும் அவர் பக்கம் குறை இல்ல, நம்ம வீட்டு அப்லோட் வேகம் தான் அங்க போய் சேரும்.

போன வருஷம் ஒருத்தர் வந்து போர்ட் எல்லாம் திறந்து குடுத்தாரு, நல்லா வேலை செய்யுது. அப்டியே விடலாமா?

விடாதீங்க, இன்னைக்கே மூடுங்க. இணையத்துல திறந்து கெடக்குற நாஸ தேடிட்டே இருக்குற புரோகிராம் உண்டு. 2021 ஏப்ரல்ல கியூலாக்கர், 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ரெண்டு, வெளியேருந்து எட்டுற மாதிரி வச்சிருந்த கியூநாப் பெட்டிகள்ல புகுந்து ஃபைல் எல்லாத்தையும் பூட்டி பிட்காயின் கேட்டுச்சு. 2014-ல சினாலஜிக்கும் இதே மாதிரி வந்திருக்கு. முக்கியமா 445-ம் நம்பர் போர்ட் (ஃபோல்டர் பகிர்வுக்கு உள்ளது) வெளிய திறக்கவே கூடாது. ரவுட்டர்ல யுபிஎன்பிய ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா நாஸே தானா போர்ட்ட திறந்துக்கும்.

இடிமின்னல் நேரத்துல எத கழட்டணும்? பிளக் மட்டும் போதுமா?

போதாது. நமக்கு ரெண்டு மழையும் உண்டு, அதோட ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல சாயங்காலம் ஆனா மலைப்பக்கம் இடி உருள ஆரம்பிச்சிடும். பிளக்க கழட்டிட்டு லான் கேபிள அப்டியே விட்டுட்டு, போர்ட் மட்டும் கருகின பெட்டி எத்தனையோ பாத்தாச்சு. வீட்டுக்கு வெளிய, பக்கத்து வீட்டுக்கு, தோட்டத்து கேமராவுக்கு போற செம்பு கேபிள் தான் மின்னல உள்ள கொண்டு வரும். ஃபைபர் கண்ணாடி, அதுல வராது, ஆனா சில ஃபைபர் லைன்ல தாங்குறதுக்கு கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடும், அத வீட்டுக்குள்ள கொண்டு வராம சுவத்துக்கு வெளியவே வெட்டி நிறுத்தச் சொல்லுங்க.

நாஸுக்கு சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி, அதோட யுஎஸ்பி வயர நாஸ்ல சொருகினா சார்ஜ் குறையும்போது நாஸ் தானா ஒழுங்கா ஆஃப் ஆகும். இன்வெர்ட்டர் இருக்குன்னு விடாதீங்க, மாறுற அந்த கணத்துல நாஸ் ரீஸ்டார்ட் ஆகலாம். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப நாள்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தது ஞாபகம் இருக்கும்ல. வீட்டுக்கு வெளிய, சொந்தக்காரங்க வீட்லயோ கிளவுட்லயோ, இன்னொரு காப்பி கண்டிப்பா வேணும். ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு (ரெண்டுலயும் ஒரே ஃபைல எழுதுற முறை) வச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்கும் இது பொருந்தும், மின்னல் ரெண்டையும் சேத்து தான் அடிக்கும்.

ஃபோல்டர் லிஸ்ட் வருது, சின்ன ஃபைல் திறக்குது, பெரிய ஃபைல் காப்பி பண்ணா மட்டும் நின்னு போகுது

இது கொஞ்சம் குழப்பமானது. யாராவது வேகம் கூடும்னு நாஸ்ல ஜம்போ ஃபிரேம் ஆன் பண்ணி எம்டியூ (ஒரு தடவைல அனுப்புற பொட்டலத்தோட அளவு) 9000-னு வச்சிருப்பாங்க, நடுவுல உள்ள சுவிட்சுக்கு அது பழக்கம் இருக்காது. சின்ன பொட்டலம் போகும், பெரிய பொட்டலம் வழியிலேயே தொலையும். 1500-க்கு மாத்துங்க. அப்பவும் நின்னா கேபிள மாத்துங்க, அதும் இல்லன்னா நாஸ் பேஜ்ல டிஸ்க் ஹெல்த்த பாருங்க, டிஸ்க்குல படிக்க முடியாத இடம் வந்தாலும் இப்டித்தான் நிக்கும். அங்க சிவப்போ மஞ்சளோ காட்டினா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல முக்கியமான ஃபைல வெளிய எடுங்க.

பெட்டியே செத்து போச்சு. டிஸ்க்க கழட்டி நேரா கம்ப்யூட்டர்ல போட்டு எடுக்கலாமா?

முதல்ல அடாப்டர மாத்தி பாருங்க, பெட்டி செத்துச்சுன்னு கொண்டு வர்றதுல அடாப்டர் மட்டும் போனது நெறய இருக்கும். வோல்ட் அதே அளவு இருக்கணும், ஆம்பியர் அதுக்கு குறையக்கூடாது.

உண்மையிலேயே பெட்டி போயிருந்தா, டிஸ்க்க விண்டோஸ்ல போடாதீங்க. நாஸ் எழுதுற முறை விண்டோஸுக்கு படிக்கத் தெரியாது, உடனே ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்கும், ரெண்டாவது கேள்வியில சொன்னேன்ல, அந்த இடம் இதுதான். தக்கலை பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர் அந்த இடத்துல சரின்னு அழுத்திட்டு தான் என்கிட்ட வந்தாரு, கொஞ்சம் மீட்டோம், முழுசா கெடைக்கல. அதே கம்பெனியோட பொருத்தமான இன்னொரு பெட்டி கெடச்சா, டிஸ்க்க அதே வரிசையில போட்டா பெரும்பாலும் அப்டியே எழும்பும், அதனால கழட்டும்போதே ஒவ்வொரு டிஸ்க்குலயும் 1, 2-னு மார்க்கர்ல எழுதிடுங்க. புதுப் பெட்டி "மைக்ரேட்"னு (பழைய டிஸ்க்ல உள்ளத அப்டியே ஏத்துக்குறது) கேட்டா சரி, டிஸ்க்ல உள்ளது எல்லாம் அழியும்னு எச்சரிக்கை வந்தா அங்கேயே நிறுத்துங்க. பெட்டி கெடைக்கலன்னா லினக்ஸ் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, டிஸ்க்குல எதுவும் எழுதாம படிக்க மட்டும் செய்யணும்னு சொல்லி குடுங்க.